தொண்டு நிறுவனங்கள் செய்யும் ‘அட்வகசி’ என்றால் என்ன?

பசித்தவருக்குச் சோறு போடுவது சேவை. அரசே போடும்படி விதியை மாற்றவைப்பது அட்வகசி. தெருக்குழாய் ஒழுகினால் குடம் வைத்துப் பிடிக்கலாம்; வாஷர் மாற்றச் சொல்லி நகராட்சிக்கு விடாமல் அலையவும் செய்யலாம். இது இரண்டாவது.

எவ்வளவு பெரிய தொண்டு நிறுவனமும் நாலு ஊருக்குத்தான் எட்டும். அரசாணை மாநிலம் முழுக்கப் போகும். 2001இல் ராஜஸ்தானில் வறட்சி, ஆனால் அரசுக் கிடங்குகளில் தானியம் குவிந்து கிடந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பியூசிஎல்) உச்ச நீதிமன்றம் போனது. தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தரச்சொல்லி அந்த நவம்பர் 28இல் மாநிலங்களுக்கு உத்தரவு வந்தது. அதுவரை பல மாநிலங்களில் பிள்ளைகளுக்கு மாதம் 3 கிலோ தானியம்தான். (சத்துணவை 1982லேயே பார்த்துவிட்ட நமக்கு இது புதிதாகத் தெரியாது.)

பலர் நினைப்பதுபோல் இது கட்சிக்கு ஓட்டுக் கேட்கும் வேலை இல்லை. ஆட்சி மாறினாலும் அதே மனுவோடு போய் நிற்பார்கள்.