பச்சையைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: மண்டபத்தில் ஒரு விசைப்படகுச் சங்கத்தில் கணக்கு பார்க்கிறேன். எந்தப் படகு எந்த நாள் கடலுக்குப் போகிறது என்று பட்டியல் போட ஒரு மென்பொருள் செய்து வாங்கினோம். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய ஏப்ரல் 15 அன்றே அது இரண்டு விசைப்படகுகளைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. கேட்டால், ‘எல்லா டெஸ்டும் பாஸ்’ என்று ஒன்றும் புரியாத அறிக்கையை அனுப்புகிறார்கள். டெஸ்டைத் தமிழிலேயே எழுதலாமாம், அதற்குத் தனி லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும் என்கிறார் ஏஜென்ட். கட்டலாமா?

பதில்: லைசென்ஸ் என்று ஒரு பைசா கொடுக்காதீர்கள். இதற்குப் பரவலாகப் பயன்படும் கருவியின் பெயர் குக்கும்பர், அதாவது வெள்ளரிக்காய். 2008 முதல் இருக்கிறது, இலவசம். தமிழ் உட்பட எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகள் அதற்குள்ளேயே உண்டு. எழுதும் உழைப்புக்குக் கூலி கேட்டால் நியாயம். தமிழுக்கு விலை கேட்டால் அவர் உங்களை அளந்து பார்க்கிறார் என்று அர்த்தம்.

டெஸ்ட் இப்படி இருக்கும்:

காட்சி: தடைக்காலத்தில் விசைப்படகு
* இன்று ஏப்ரல் 15
* ஒரு விசைப்படகைப் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறோம்
* ‘தடைக்காலம்’ என்று சொல்லி மறுக்க வேண்டும்

நட்சத்திரக் குறியைக் கேட்டு வாங்குங்கள். அதன் இடத்தில் ‘கொடுக்கப்பட்ட’, ‘எப்போது’ என்று தமிழ்ச் சொற்களும் வைத்திருக்கிறார்கள். ‘Given’, ‘When’ என்ற ஆங்கிலச் சொற்களை அப்படியே பெயர்த்தவை. ‘எப்போது படகைச் சேர்க்கிறோம்’ என்று எழுதினால் நம் காதுக்குக் கேள்வியாகத்தான் கேட்கும்.

இனிதான் முக்கியமான விஷயம். ஒவ்வொரு தமிழ் வரிக்கும் பின்னால் புரோகிராமர் எழுதிய ஒரு துண்டு நிரல் இருக்கும். வேலையைச் செய்வது அதுதான். அந்தத் துண்டைக் காலியாக விட்டாலும் வரி பச்சையாகத்தான், அதாவது பாஸ் என்றுதான் காட்டும். வெளியே அழகான தமிழ், உள்ளே காற்று. நானே இப்படி ஒரு கட்டு அறிக்கையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு ஏமாந்திருக்கிறேன். டெண்டரில் ‘டெஸ்ட் அறிக்கை இணைக்கவும்’ என்று கேட்பவர்கள் பக்கத்தை எண்ணுகிறார்களே ஒழிய, யார் திறந்து பார்க்கிறார்கள்?

உங்கள் விஷயத்தில் இன்னொரு கூத்தும் நடக்கலாம். ‘இன்று ஏப்ரல் 15’ என்ற வரி, மென்பொருளை அந்தத் தேதி என்று நம்ப வைக்க வேண்டும். அது காலியாக இருந்தால் டெஸ்ட் ஓடும் நாளின் உண்மைத் தேதியே நிற்கும். தடைக்காலத்தின் நடுவே மே மாதம் ஓட்டினால் எப்படியும் மறுக்கும், பச்சை வரும். ஏப்ரல் 15-ஐ யாருமே சோதித்திருக்க மாட்டார்கள்.

ஆகவே புரோகிராமரைப் பக்கத்தில் உட்கார வைத்து, 15-ஐ 14 ஆக்கி ஓட்டச் சொல்லுங்கள். அன்று கடலுக்குப் போகலாம், மென்பொருள் மறுக்காது. ஆனால் கடைசி வரி மறுக்க வேண்டும் என்கிறது. சிவப்பு, அதாவது ஃபெயில், வந்தே தீர வேண்டும். வராவிட்டால் மீதிப் பணத்தை நிறுத்தி வையுங்கள். பிறகு தடையின் கடைசி நாளான ஜூன் 14, மறுநாள் ஜூன் 15 இரண்டுக்கும் தனிக் காட்சி எழுதச் சொல்லுங்கள். தவறு எப்போதும் இந்த ஓரங்களில்தான் ஒளிந்திருக்கும். 45 நாளாக இருந்த தடை 2017-இல் 61 நாளானது போல நாளை மறுபடி மாறினாலும், எந்த வரியைத் திருத்துவது என்று உங்களுக்கே தெரியும்.

வரிகளை நீங்களே சொல்லுங்கள், அவர்கள் தட்டச்சு செய்யட்டும். ‘மூன்றாவது பட்டனை அழுத்துகிறோம்’ என்று அவர்கள் எழுதினால் திருப்பி அனுப்புங்கள். படகுக்காரருக்குப் பட்டன் எதற்கு?

ஒரே ஒரு விலக்கு, டீசல் கணக்கு. லிட்டர், விலை, பழைய பாக்கி, கழிவு என்று ஒவ்வொன்றையும் வாக்கியமாக எழுதினால் பத்தாவது வரியில் கண் சொருகும். அங்கே வாக்கியம் ஒன்று போதும், கீழே அட்டவணை போடலாம், கருவியிலேயே வசதி உண்டு. அட்டவணை எண்களை உங்கள் பழைய நோட்டிலிருந்து கொடுங்கள், அவர்கள் கற்பனையிலிருந்து வேண்டாம். பைசாவை எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்பதையும் நீங்களே சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டு, வருடக் கடைசியில் கணக்கு இடிக்கிறது என்று வருபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அப்புறம், டிடிபி கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுக்காதீர்கள், யூனிகோடு மட்டும்தான். யூனிகோடிலும் ‘கொ’ போன்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறு. வரி சரியாக இருந்தும் ‘இப்படி ஒரு வரியே தெரியாது’ என்று கருவி அடம்பிடித்தால் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.