ஏ.சி. சர்வீஸ் கடைக்கு ஐப்பசியிலும் வருமானம்: கேள்வி பதில்

மதுரையில் 14 வருடமாக ஏ.சி. சர்வீஸ் கடை நடத்துகிறேன். இன்று 120 ஏ.சி.கள் என்னிடம் ஏ.எம்.சி.யில், அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில், இருக்கின்றன. சின்னக் கடைக்கு நிலையான வருமானம் வர என்ன வழி என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

அண்ணா, பங்குனி முதல் வைகாசி வரை தூங்க நேரமில்லை. ஐப்பசி வந்தால் பையனுக்குச் சம்பளம் கொடுக்கக் கடன் வாங்குகிறேன். ஏ.எம்.சி. போடச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. (திண்டுக்கல்)

எந்த நேரத்தில் கேட்கிறீர்கள் என்று பாருங்கள், தம்பி. அக்னி நட்சத்திரத்தில் வேர்த்து நிற்பவரிடம் வருட ஒப்பந்தம் பேசினால் காதில் ஏறாது. தண்ணீர் அடித்துக் கழுவும் வெட் சர்வீஸ் முடித்து, கறுத்த தண்ணீர் வாளியில் நிற்கும்போது பேசுங்கள். அதோடு கம்ப்ரஸரைக் கிளப்பி ஓடவைக்கும் கெப்பாசிட்டரைக் கழற்றி மீட்டரில் வைத்துக் காட்டுங்கள். மேலே 45 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருக்கும். மீட்டர் 38 காட்டும். அந்த இரண்டு எண்களையும் சர்வீஸ் கார்டில் எழுதிக் கொடுங்கள். "இது கோடை தாங்காது சார், ஒருநாள் மதியம் கம்ப்ரஸர் ஓடாமல் உறுமிக்கொண்டு நிற்கும்" என்று சொல்லுங்கள். என் முதல் 20 வாடிக்கையாளர்கள் அந்தக் கார்டைப் பார்த்துத்தான் சேர்ந்தார்கள்.

அப்புறம், வருகைகளை மாசி, ஆடி, கார்த்திகை என்று பிரித்து வையுங்கள். பணத்தையும் பாதி மாசியில், பாதி ஐப்பசியில் வாங்குங்கள்.

என்ன விலை வைப்பது?

என் கணக்கைச் சொல்கிறேன். தனியாகக் கூப்பிட்டால் ஒரு வெட் சர்வீஸ் 700 ரூபாய். ஏ.எம்.சி.யில் மூன்று சர்வீஸ், இடையில் பழுதானால் வந்து பார்க்கக் கட்டணம் இல்லை, வருடம் 2,000. ஒரு தடவை போய்வர பெட்ரோல், ஆள்கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 300 ஆகிறது. மூன்று சர்வீஸ், சராசரியாக ஒரு பழுது: 1,200. மீதி 800.

120 ஏ.சி.க்கு வருடம் 2,40,000, அதாவது மாதம் 20,000. கடை வாடகையும் ஒரு பையன் சம்பளத்தில் பாதியும் இதிலேயே போய்விடுகிறது. இதற்கு நான் செய்வது 360 சர்வீஸ்; நாளைக்கு ஐந்து என்றால் 72 நாள் வேலை.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முன்பணமாக வந்த காசு, இன்னும் செய்யாத வேலையின் காசு. முதல் வருடம் மாசியிலேயே முழுத் தொகையையும் வாங்கி, அதில் செகண்ட் ஹேண்ட் ஆம்னி வேன் எடுத்தேன். கார்த்திகையில் 60 வீட்டுக்கு சர்வீஸ் பாக்கி, கையில் பெட்ரோலுக்குக் காசில்லை. மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. இப்போது வந்த பணம் தனி வங்கிக் கணக்கில் கிடக்கும். ஒரு சர்வீஸ் முடிந்தால் அதன் பங்கை மட்டும் எடுப்பேன்.

பார்ட்ஸும் சேர்த்து காம்ப்ரஹென்சிவ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கம்ப்ரஸரும் போர்டும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். ஒரு இன்வர்ட்டர் ஏ.சி.யின் போர்டு போனால் பத்து வீட்டு லாபம் போச்சு. சர்வீஸும் கூலியும் மட்டும், கெப்பாசிட்டர் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். ஏ.சி.க்குள் நிரப்பும் குளிரூட்டும் கேஸ் இதில் சேராது என்பதைத் தமிழிலேயே தெளிவாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சண்டை பெரும்பாலும் கேஸில்தான் வரும்.

ஒரு கம்பெனியின் 16 ஏ.சி.யை ஏ.எம்.சி.யில் எடுத்தேன். பில் போட்டு நாலு மாதமாகப் பணம் வரவில்லை. (ஓசூர்)

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு வைத்திருக்கிறீர்களா? கட்டணம் கிடையாது, ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, பதிவுள்ள சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள், எப்படியும் 45 நாளுக்கு மேல் போகாமல், பணம் கொடுக்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல், இந்தக் கெடுவைத் தாண்டினால் கொடுக்கும் வரை அந்தச் செலவை அவர்கள் வருமான வரியில் கழிக்க முடியாது. அதனால் இனி பில்லிலேயே உத்யம் எண்ணைப் போடுங்கள். அவர்களுடைய அக்கவுண்டன்ட் அதைக் கவனிப்பார். பழைய பாக்கிக்கு முதலில் நேரில் போய்ப் பேசுங்கள்.

ஜி.எஸ்.டி. எடுக்க வேண்டுமா?

சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் கட்டாயம். ஏ.எம்.சி.க்கு 18 சதவீதம். விலை பேசும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

நான் ஆர்.ஓ. குடிநீர் சுத்திகரிப்பு மெஷின் சர்வீஸ் செய்கிறேன் அண்ணா. எங்களுக்கும் இது பொருந்துமா? (திருநெல்வேலி)

உங்களுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும், தங்கச்சி. ஃபில்டர் எப்படியும் அடைக்கும். ஒவ்வொரு தடவையும் மெஷினுக்குள் போகும் தண்ணீர், சுத்தமாகி வெளியே வரும் தண்ணீர் இரண்டின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பு) அளவையும் கார்டில் எழுதுங்கள். வெளியே வரும் தண்ணீரின் எண் ஏறுவதைப் பார்த்தாலே உப்பை வடிகட்டும் மெம்பிரேன் மாற்றும் நாள் வந்துவிட்டது என்று வீட்டுக்காரருக்குப் புரியும்.

வேலை கற்றுக்கொண்ட பையன் வெளியே போய், என் வாடிக்கையாளர்களையும் கூட்டிக்கொண்டு போகிறான்.

எனக்கும் நடந்தது. ஒரே மாதத்தில் 11 வீடு. யோசித்துப் பார்த்தபோது அந்த வீடுகளுக்கு நான் இரண்டு வருடமாகப் போனதே இல்லை. அவர்களுக்குக் கடை என்றால் அந்தப் பையன்தான். இப்போது சர்வீஸுக்கு இரண்டு நாள் முன்பு நானே போன் செய்கிறேன், முடிந்த அன்று சாயங்காலம் மறுபடி கேட்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் வருடத்தில் ஒரு தடவை நேரில் போகிறேன். பையன்களுக்கு ஒவ்வொரு ஏ.எம்.சி. புதுப்பிப்புக்கும் 150 ரூபாய் கொடுக்கிறேன். போன 11 வீட்டில் நான்கு திரும்பி வந்திருக்கின்றன. அந்தப் பையனும் இப்போது வேலை அதிகமானால் என்னைக் கூப்பிடுகிறான்.