சர்க்கரை கலந்த பொடி

கேள்வி: உடன் வேலை பார்க்கும் ட்ரினிடாட்காரர், சின்ன வயதில் தின்ற சில்லிபீபியைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்துவதே இல்லை. வறுத்த மக்காச்சோளத்தை இடித்துச் சர்க்கரை கலந்த பொடி, அவ்வளவுதான். பால்யத்தில் தின்றது எதுவுமே ருசியாகத்தான் தோன்றும், இல்லையா?
- ஒரு வாசகர், டொரன்டோ

பதில்: இல்லை. இந்தப் 'பால்ய ருசி' வாதத்தோடு எனக்குப் பழைய பகை, இந்தப் பக்கத்திலேயே பல தடவை சண்டை போட்டாயிற்று, இன்னும் போடுவேன். ஒருவர் தின்றது நன்றாக இருந்தது என்றால் உடனே அதை ஏக்கத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். சமைத்தவளுக்குப் போகவேண்டிய பாராட்டு அது.

உங்கள் நண்பர் தின்றது காய்ந்த முழு மணியை வறுத்து, உரலில் இடித்தோ கை யந்திரத்தில் அரைத்தோ, சலித்து, நின்ற கப்பியைத் திரும்ப அரைத்து, சூடு ஆறியதும் கையில் கொடுத்த பொடி. மணியின் எண்ணெயில் பெரும்பகுதி முளைக்கருவில்தான் இருக்கிறது. கருவோடு அரைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும் என்பதால் கடை மாவில் பெரும்பாலும் அதை எடுத்துவிடுகிறார்கள். வாடை வராது, வாசனையும் வராது. ஆக அவர் சொல்லும் ருசி நிஜமாகவே இருந்தது. அதை வாய் நிறையப் போட்டுக்கொண்டு பேசினால் புரையேறும், பக்கத்தில் இருப்பவன் சிரிக்க வைத்துவிட்டால் அதோகதிதான்.

சரி, என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் கேள்வியில் இருந்த சர்க்கரை. ட்ரினிடாட் போன்ற கரீபியத் தீவுகளில் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டுபோய் இறக்கியதே சர்க்கரைக்காகத்தான். இதே பொடிக்கு ஜமைக்காவில் ஆஷம் என்று பெயர். அங்கே தோட்ட முதலாளிகள், அடிமைகளுக்குச் சாப்பாடு போடும் செலவை மிச்சம் பிடிக்க, கரும்புக்கு உதவாத மேட்டு நிலத்தைக் காட்டி நீங்களே பயிர் செய்து தின்னுங்கள் என்று விட்டார்கள். கரும்பு வேலை போக மிஞ்சிய நேரத்தில் அவர்கள் அங்கே கிழங்கும் சோளமும் போட்டார்கள். மக்காச்சோளம் பிறந்தது மெக்சிகோவில், அதை ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுபோனது ஐரோப்பியக் கப்பல்கள், அங்கே அதை வறுத்து இடிக்கப் பழகியவர்களைப் பிடித்து மறுபடி அதே கடலைத் தாண்டி ஏற்றி வந்தார்கள். தங்கள் மேட்டு நிலத்துச் சோளத்தில், தங்களை வதைத்த தோட்டத்தின் சர்க்கரையைக் கலந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தார்களே, இதைப் போய் அவ்வளவுதான் என்கிறீர்களா?

1838இல் பிரிட்டிஷார் ஆண்ட கரீபியத் தீவுகளில் அடிமைகள் முழு விடுதலை பெற்றபின் கரும்பு வெட்ட ஆள் தேடினார்கள். 1845இல் ட்ரினிடாட்டுக்கு முதல் கப்பல் கல்கத்தாவிலிருந்து போனது, அப்புறம் மதராஸிலிருந்தும் ஆட்களை ஏற்றினார்கள். அந்தச் சர்க்கரையில் நம் ஜனங்களின் உழைப்பும் இருக்கிறது, எப்போதாவது அதைப் பற்றியும் கேளுங்கள், பக்கம் பக்கமாக எழுதக் காத்திருக்கிறேன்.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள். காய்ந்த முழு மணி வாங்கி, வறுத்து, மிக்ஸியில் அரைத்து, நன்றாகச் சலித்து, பழுப்புச் சர்க்கரை கலந்து அன்றைக்கே அவர் கையில் கொடுங்கள். பாக்கெட் மாவை வறுத்து ஏமாற்ற வேண்டாம், முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்.