எதிரொலி இல்லாத தட்டு

அன்புள்ள ஐயா,

சாம்பியாவின் 'அமனாஸ்' குழு 1975இல் வெளியிட்ட 'ஆஃப்ரிக்கா' ஆல்பத்தின் வினைல் இசைத்தட்டு மறுபதிப்பை வாங்கினேன். அதே பாடல்கள் இரண்டு விதமான மிக்ஸில் (ஒலிக்கலவையில்) இருக்கின்றன. ஒன்று வறட்சியாக இருக்கிறது, இன்னொன்றில் எதிரொலி நிறைய. எதைக் கேட்பது? அந்தக் காலத்து அசல் தட்டை முதலீடாக வாங்கி வைக்கலாமா? நல்லவேளை, மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் கண்டுபிடித்தார்கள். இல்லாவிட்டால் இப்படி ஒரு இசை இருந்ததே யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

க., கோவை

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையிலும் சாம்பியாவின் கிட்வே நகரத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளில் நம் பக்கத்திலிருந்து பலர் சாம்பியாவுக்கு வாத்தியார் வேலைக்குப் போனார்கள். என் அப்பாவும் போனார். என் பிள்ளைப் பருவம் அந்தத் தாமிரச் சுரங்க ஊரில்தான் கழிந்தது.

முதலீட்டுக் கேள்வியை விட்டுவிடுங்கள். தட்டு கேட்பதற்கு.

ஆனால் அந்தக் கடைசி வரியை எழுத எப்படித் தம்பி மனம் வந்தது? யாருக்கும் தெரியாமல் என்றால், யாருக்கு? கிட்வேயில் எட்டு வயதுப் பையனான எனக்கே தெரியும். சாம்பியா 1964இல் விடுதலை அடைந்தது. வானொலியில் 95 விழுக்காடு உள்நாட்டு இசையே ஒலிக்க வேண்டும் என்றார் அதிபர் கவுண்டா. சுரங்க ஊர்ப் பிள்ளைகள் கரகரக்கும் ஃபஸ் கிட்டாரை எடுத்துக்கொண்டு பெம்பாவிலும் நியாஞ்சாவிலும் ஆங்கிலத்திலும் பாடினார்கள். அதுதான் சாம்ராக். 'விட்ச்' குழுவின் பாடகர் இம்மானுவேல் சந்தாவை ஊரே 'ஜகாரி' என்றது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாடகர் மிக் ஜாகரின் பெயரை அவர்கள் தங்கள் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு குழுவுக்கு ஒலிபெருக்கிப் பெட்டிகள் சுமப்பான். பக்கத்து நாடான ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) போர் எல்லை தாண்டி வந்த பிறகு இரவில் விளக்கை அணைக்கச் சொல்லிவிடுவார்கள். அதனால் கச்சேரிகள் பகலுக்கு மாறின. மதியம் போய், வேர்த்து விறுவிறுத்து வருவான். வந்ததும் தட்டைப் போடுவான். நடுவில் ஒரே சுவர். அப்பா திருத்தும் தாளை வைத்துவிட்டு "அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லு" என்பார். நான் போவேன், சொல்ல மாட்டேன், அங்கேயே உட்கார்ந்துவிடுவேன்.

எழுபதுகளின் நடுவில் தாமிர விலை சரிந்தது. நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை. பிறகு திருட்டு கேசட் வந்தது, டிஸ்கோ வந்தது. பிறகு எய்ட்ஸ். விட்ச்சின் ஆரம்பகாலக் குழுவில் இன்று உயிரோடிருப்பவர் ஜகாரி ஒருவரே. அவரை யாரும் தோண்டி எடுக்கவில்லை. அவர் தன் நாட்டிலேயே, ரத்தினக் கல் தோண்டிப் பிழைத்துக்கொண்டிருந்தார். விசாரித்திருந்தால் ஊரில் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

அதனால் 'கண்டுபிடித்தார்கள்' என்ற சொல்லை இனி எழுதாதீர்கள். 'கேட்டார்கள்' என்று எழுதுங்கள், உண்மையிலேயே கேட்டிருந்தால். கலிஃபோர்னியாவின் 'நவ் அகெய்ன்' இசைத்தட்டு நிறுவனம் ஜகாரியைத் தேடிப் போய், பேசி, உரிமம் பெற்று, விட்ச்சின் ஆல்பங்களை 2012இல் ஒரே பெட்டியாக வெளியிட்டது. அதன்பின் அவர் ஐரோப்பிய மேடைகளில் பாடினார். 2023இல் விட்ச் பெயரில் புது ஆல்பமே வந்தது. மறுபதிப்பு என்றால் இது. தேய்ந்த தட்டு ஒன்றைக் கணினியில் ஏற்றி, அட்டையை ஸ்கேன் செய்து, யாரையும் கேட்காமல் அச்சடித்து விற்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் உங்கள் அலமாரியில் இதே அழகோடுதான் நிற்கும். வாங்குமுன் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். உரிமம் யார் கொடுத்தது என்று இருக்கிறதா? வாசித்தவர்களின் பெயர்கள் இருக்கின்றனவா? செத்துப்போனவர் என்றால் அவர் மனைவிக்கோ பிள்ளைக்கோ பணம் போகிறதா? எழுதியிருக்கவில்லையா, நிறுவனத்துக்குக் கடிதம் போடுங்கள். எனக்கு எழுதியதுபோலவே அவர்களுக்கும் எழுதலாம். பதில் சொல்லாதவனிடம் வாங்காதீர்கள். மாஸ்டர் டேப் (முதல் பதிவின் ஒலிநாடா) தொலைந்துபோய், தட்டிலிருந்தே பதிவெடுத்ததால் இரைச்சல் இருந்தால் நான் மன்னிப்பேன். பெயர் இல்லாததை மன்னிக்க மாட்டேன்.

கடுமையாகப் பேசிவிட்டேன். கோவையில் உட்கார்ந்து அமனாஸ் கேட்கும் ஒரு பிள்ளை இருக்கிறான் என்பதே எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குத் தெரியாது.

நாங்கள் ஊர் திரும்பிய நாளில் அந்த அண்ணன் ஒரு தட்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தான். பெட்டிகள் ஏற்கெனவே கட்டியாகிவிட்டன. அப்பா வேண்டாம் என்றார். திண்ணையில் வைத்துவிட்டு வண்டி ஏறினோம். அவன் கையசைத்தானா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை, அழுதுகொண்டிருந்தேன். 1992இல் அவன் இறந்த செய்தி அப்பாவின் பழைய பள்ளி நண்பர் எழுதிய கடிதத்தில், கடைசிப் பத்தியில் வந்தது. பெட்டி சுமந்தவனின் பெயரை எந்த மறுபதிப்பிலும் போட மாட்டார்கள்.

நீங்கள் கேட்டதை மறந்தே போனேன். எதிரொலி இல்லாததை முதலில் கேளுங்கள். பக்கத்து அறையில் வாசிப்பதுபோல இருக்கும்.