டாக்கிங் மதிப்பெண் அருமை, ஆனால் செல் சோதனையில் மருந்து வேலை செய்யவில்லையா?

கொரோனா வைரஸ் பெருகத் தேவையான முதன்மை புரோட்டியேஸ் என்ற நொதியில் பழைய மருந்துகளை டாக்கிங் (ஒரு மூலக்கூறு புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணிப்பது) செய்ததாகவும், −10 மதிப்பெண் (எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது) வாங்கிய மருந்து செல் சோதனையில் ஒன்றுமே செய்யவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மனம் தளர வேண்டாம், பலருக்கும் நடப்பதுதான்.

உங்கள் பட்டியலின் முதல் இருபதைப் பாருங்கள். பெரும்பாலும் பெரிய மூலக்கூறுகளாகவே இருக்கும். அணுக்கள் கூடினால் தொடுமிடங்கள் கூடும், மதிப்பெண்ணும் தானாக மேம்படும். பிணைப்பு வலுவாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சி இல்லை. முதலில் புரோட்டியேஸின் படிகக் கட்டமைப்பில் (எக்ஸ்-கதிரால் கண்டறிந்த முப்பரிமாண வடிவம்) ஏற்கெனவே இருக்கும் தடுப்பானை, அதாவது நொதியைத் தடுக்கும் மூலக்கூறை, எடுத்து மறுபடி டாக்கிங் செய்யுங்கள். பழைய இடத்திலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) வந்து உட்காரவில்லை என்றால் உங்கள் அமைப்பிலேயே கோளாறு. ஆனால் இதற்கு 6எல்யு7 என்ற குறியீடு கொண்ட கட்டமைப்பு வேண்டாம். அதிலுள்ள தடுப்பான் புரோட்டியேஸின் 145-ஆவது அமினோ அமிலமான சிஸ்டீனுடன் சகப்பிணைப்பில் (எலக்ட்ரான்களைப் பகிரும் வலுவான வேதிப்பிணைப்பு) இருக்கிறது. சாதாரண டாக்கிங் அதைக் கணக்கில் எடுக்காது. சகப்பிணைப்பு இல்லாத தடுப்பான் கொண்ட கட்டமைப்பு ஒன்றைத் தேடுங்கள்.

அப்புறம், அடுத்த மருந்தைச் சோதிக்கும் முன் அது இரத்தத்தில் எட்டும் செறிவைப் பாருங்கள். ஒட்டுண்ணிகளுக்கு எதிரான மருந்தான ஐவர்மெக்டின் 2020-இல் ஆய்வகச் செல்களில் வைரஸை அடக்கியது. அதற்குத் தேவைப்பட்ட அளவோ வழக்கமான டோஸில் இரத்தத்தில் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம்.

சரி, மறு டாக்கிங் முடிவை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.