தேநீரில் பொடி கலக்க வேண்டாம், தங்கச்சி

களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "கணவருக்கு 44 வயது. ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். சாமான் எடுக்கவும் கடன் தவணை பேசவும் அடிக்கடி கொழும்பு போவார். கம்பனிக்காரர் ஹோட்டலில் வைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். டீலர் ட்ரிப் என்று தாய்லாந்துக்கும் கூட்டிப் போனார்கள். இப்போது வீட்டிலும் தினம் அரைப் போத்தல் சாராயம். விடிய எழும்பினால் கை நடுங்குகிறது, கொஞ்சம் எடுத்தால்தான் நிற்கிறது. சீனி வருத்தத்துக்குக் குளிசையும் போடுகிறார். வட்ஸ்அப்பில் ஒருவரிடம் பொடி வாங்கி வைத்திருக்கிறேன். தெரியாமல் தேநீரில் கலந்து கொடுத்தால் மூன்று நாளில் குடியை வெறுத்துவிடுவாராம். கொடுக்கலாமா? அல்லது ஒரேயடியாக நிறுத்தச் சொல்லட்டுமா?"

கொடுக்க வேண்டாம். ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவும் வேண்டாம்.

அந்தப் பொடியில் என்ன இருக்கிறதென்று விற்கிறவனுக்கே தெரியாது. மூலிகை என்பான். டைசல்பிராம் என்ற மருந்து கலந்திருந்தால் அதை உங்களால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் சாராயம் முழுதாக உடையாமல் பாதியில் நின்று நஞ்சாகத் தேங்கும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், பிரஷர் விழும். சீனியோ இதய வருத்தமோ உள்ளவருக்கு உயிராபத்து. மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும்கூட அதன் வேலை இருக்கும். நீங்கள் கலந்துவிட்டது தெரியாமல் மனிசன் கொழும்பில் ஹோட்டல் அறையில் விழுந்தால், கூட இருக்கிறவர்கள் "வெறி கூடிட்டு" என்று போர்த்திப் படுக்க வைத்துவிட்டு அடுத்த ரவுண்டுக்குப் போவார்கள். டொக்டர்மார் நாங்களும் அந்த மருந்தைக் கொடுக்கிறோம்தான். ஆனால் குடிக்கிறவர் சம்மதித்து, இரத்தம் சோதித்த பிறகு.

பொடிக்காரனுக்கு அடுத்தபடி, குடியை நிறுத்தித் தருகிறோம் என்கிற 'சென்டர்' புறோக்கர் வருவான். இரவில் வானைக் கொண்டுவந்து ஆளைத் தூக்கிப் போவதாகவும், மூன்று மாதத்தில் புது மனிசனாகத் தருவதாகவும் சொல்லி முற்பணம் கேட்பான். ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: இரவில் வலிப்பு வந்தால் அங்கே பார்க்க எந்த டொக்டர் இருக்கிறார்? அவனுக்குத் தன் கொமிஷன் கணக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். தாலிக்கொடியை அடகு வைத்து இவனிடம் கொடுத்த குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

இனி நடுக்கத்துக்கு வருகிறேன். விடியக் கை நடுங்குவதும், குடித்தால் நிற்பதும் உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டதன் அடையாளம். எப்போதாவது பார்ட்டியில் குடிப்பவர் இன்றைக்கே நிறுத்தலாம், ஒன்றும் ஆகாது. உங்கள் கணவர் அந்த வகை இல்லை. நம்ம பக்கத்தில் அவரைப் போன்றவர்கள் குடியை நிறுத்துவது பெரும்பாலும் கோயிலுக்காகத்தான். மண்டூர் முருகன் கோயிலில் கொடியேறினதும், கந்த சஷ்டி தொடங்கினதும், கதிர்காமத்துக்கு நடக்கப் புறப்பட்டதும் ஒரேயடியாக விட்டுவிடுவார்கள். நேர்த்தி நல்லதுதான். ஆனால் கடைசியாகக் குடித்து ஆறு மணித்தியாலத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரைக்கும்தான் மோசமான கட்டம்: சுவரில் பூச்சி ஊருது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், காய்ச்சலடிக்கும். வீட்டார் தெய்வக் குற்றம் என்றோ பேய் பிடித்துவிட்டது என்றோ திருநீறு போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஆள் செத்துப்போகலாம். விரதத்துக்காக விடுவதானாலும் முதலில் ஆஸ்பத்திரிக்கு வந்து, பிறகு கோயிலுக்குப் போகட்டும். முருகன் கோபிக்க மாட்டார்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலோ மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். காசு தேவையில்லை. நடுக்கத்தை அடக்கும் குளிசையை ஒரு வாரமளவில் படிப்படியாகக் குறைப்பார்கள், பி1 விற்றமின் ஊசியும் போடுவார்கள். தனியார் கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் சேலைன் ஏற்றிக்கொண்டு திரும்பாதீர்கள். பி1 இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையைப் பாதிக்கலாம். எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததா, என்ன குளிசை போடுகிறார் என்று துண்டில் எழுதிக் கொண்டுபோங்கள். ஏனென்றால் வாந்தியென்று வந்தவரை வார்ட்டில் போட்டு, 'கஸ்ட்ரைட்டிஸ்' என்று எழுதி, எவ்வளவு குடிக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்புகிற எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். கலால் வரிக்கு மாதா மாதம் கணக்குப் பார்க்கிற நாட்டில் இந்தக் கேள்விக்கு மட்டும் யாருக்கும் நேரமில்லை.

போகும்வரை அவர் வாகனம் ஓட்டக் கூடாது. வலிப்போ பிதற்றலோ வந்தால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.

"குடிக்காவிட்டால் கடனுக்குச் சாமான் தரமாட்டான்" என்று அவர் சொல்வார். கடன் கொடுக்கிறவன் செக் திரும்பாமல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பான், கிளாஸ் காலியா என்றல்ல. சுகமான பிறகு பேச்சைப் பகலில் கம்பனி ஒபிஸில் வைத்து முடித்துவிட்டு இரவு பஸ்ஸிலேயே திரும்பட்டும். கணக்குப்பிள்ளையையோ தம்பியையோ கூட அனுப்புங்கள். ட்ரிப் டிக்கெட்டை இந்த வருடம் வேறு யாராவது எடுக்கட்டும். "பியர் மட்டும்தான்" என்ற சமாதானத்தையும் ஏற்க வேண்டாம். 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியரில் 500 மில்லிலீற்றர் டின் மூன்று குடித்தால், கிட்டத்தட்ட அந்த அரைப் போத்தல் சாராயம்தான்.

வாங்கிய பொடியைக் குப்பையில் எறிய வேண்டாம், பக்கெற்றோடு கிளினிக்குக் கொண்டுபோங்கள். ஏற்கெனவே ஒரு கரண்டியாவது கலந்து கொடுத்திருந்தால் வெட்கப்படாமல் டொக்டரிடம் சொல்லுங்கள், எந்தத் திகதியில் என்பதையும் சேர்த்து.