முன் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை மூட என்ன சிகிச்சை இருக்கிறது?

தாடை அகலமாகவும் பற்கள் சிறிதாகவும் இருந்தால் இடைவெளி விழும். கொழும்பு பஸ்ஸில் மூன்று பேர் அமரும் சீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருப்பது போலத்தான். மேலுதட்டை முரசுடன் இணைக்கும் தசைநார் தடித்துக் கீழே இறங்கியிருப்பதும், நாக்கால் பல்லைத் தள்ளும் பழக்கமும் காரணமாகலாம். வளர்ந்தவர்களுக்குப் புதிதாக இடைவெளி வந்தால் முதலில் முரசு நோயைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதைக் குணப்படுத்தாமல் அழகு பார்ப்பது வீண் செலவு.

சிறிய இடைவெளிக்குக் கொம்போசிட் என்ற பல் நிறப் பிசினைப் பல்லின் பக்கங்களில் ஒட்டிப் பல்லை அகலமாக்கலாம். பெரும்பாலும் ஒரே அமர்வில் முடியும், ஆனால் காலப்போக்கில் கறை பிடிக்கும், உடையவும் கூடும். வெனியர் என்ற மெல்லிய பீங்கான் தகடு கூடுதல் காலம் நிற்கும். அதற்குப் பெரும்பாலும் பல்லைச் சற்றுச் செதுக்குவார்கள், செதுக்கியது திரும்ப வளராது. பல்லையே நகர்த்த வேண்டுமென்றால் கம்பி அல்லது அலைனர் என்ற, கழற்றி மாட்டும் பல் உறை. மாதக்கணக்கில் ஆகும். முடிந்ததும் பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்கும் ரிடெய்னர் அணியாவிட்டால் பல் பழைய இடத்துக்கே நகரப் பார்க்கும், பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கா? சரி, அவசரம் வேண்டாம். வேட்டைப் பற்கள் முளைக்கும் 11, 12 வயதளவில் பல நேரம் தானாகவே மூடிவிடும். அரச சிகிச்சைக்குக் கொழும்பு வோட் பிளேஸில் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது.

அப்புறம், பல் வைத்தியரிடம் பல் சுத்தம் செய்வதால் இடைவெளி வருவதில்லை. முரசு வற்றிய இடத்தை அடைத்திருந்த பற்காரை போனதும் ஏற்கெனவே இருந்த இடைவெளி தெரிகிறது, அவ்வளவுதான்.